திருகோணமலைப் பாடசாலை அதிபர்களுக்கு: தாதியர் கற்கைநெறிக்காரருக்கு மண்டபம் கொடுக்குமுன் ஒரு கடிதம் கேளுங்கள்

திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் வலயங்களில் உயர்தர வகுப்புள்ள பாடசாலைகளின் அதிபர்களுக்கும், தொழில் வழிகாட்டலைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

ஒரேயொரு வேண்டுகோளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உயர்தரப் பெறுபேறு வந்ததும் உங்கள் அலுவலகத்துக்குக் கையில் கோப்போடு ஆட்கள் வருவார்கள், "தாதியர் துறையில் எதிர்காலம்" என்றோ "வெளிநாட்டில் நர்ஸ் வேலை" என்றோ ஒரு கருத்தரங்கு வைக்க மண்டபத்தை அரை நாளுக்குக் கேட்பார்கள், பிள்ளைகளுக்கு நல்லதுதானே என்று நீங்களும் கொடுத்துவிடுவீர்கள். அப்படிக் கொடுக்குமுன், அவர்கள் நடத்தும் அந்தக் குறிப்பிட்ட கற்கைநெறியை முடித்தவர் இலங்கைத் தாதியர் பேரவையில் தாதியாகப் பதிவு செய்ய முடியுமா என்று கேட்டு, பேரவை எழுத்தில் கொடுத்த பதிலைக் காட்டச் சொல்லுங்கள். அது இல்லையென்றால் மண்டபத்தைக் கொடுக்காதீர்கள்.

நான் மட்டக்களப்பில் தாதியர் பயிற்சி முடித்து, கிழக்கு மாகாணத்து வைத்தியசாலைகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். "மிஸ்ஸி, இதை ஒருக்கால் பாருங்கோ" என்று தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் துண்டுப்பிரசுரத்தோடு வீட்டுக்கு வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. வருகிறவர்களில் பெரும்பாலானோர் முதல் தவணைக் காசைக் கட்டிய பிறகுதான் வருகிறார்கள், அதுதான் என் வருத்தம். ஏன் முன்னமே விசாரிக்கவில்லை என்று கேட்டால் திரும்பத் திரும்ப ஒரே பதில்தான்: "ஸ்கூலுக்கே வந்து சொன்னவை மிஸ்ஸி, பிரின்சிபலும் மேடையில இருந்தவர்." நீங்கள் அந்த மேடையில் ஒரு வார்த்தை கூடப் பேசியிருக்க மாட்டீர்கள், ஆனால் ஈச்சிலம்பற்றிலிருந்தோ புல்மோட்டையிலிருந்தோ பிள்ளையைப் படிக்க அனுப்பிய ஒரு தகப்பனுக்கு நீங்கள் அங்கே உட்கார்ந்திருந்ததே போதும். அதற்கு மேல் அவர் எந்தப் பத்திரத்தையும் கேட்க மாட்டார்.

சரி, அந்தத் துண்டுப்பிரசுரத்தில் என்னதான் இருக்கிறது? முன்பக்கத்தில் வெள்ளைச் சீருடையில் சிரிக்கும் பிள்ளைகள், "முதலில் பதிபவர்களுக்கு விசேட கழிவு", "மட்டுப்படுத்தப்பட்ட இடங்கள்", "வேலைவாய்ப்பு உத்தரவாதம்". பின்பக்கத்தில் "அரச அங்கீகாரம் பெற்றது" என்று பெரிய எழுத்து. அடியில் பொடி எழுத்தில் இரண்டு மூன்று பதிவு இலக்கங்களும் சில இலச்சினைகளும். பெற்றோர் பார்ப்பது அந்தப் பெரிய எழுத்தை. பார்க்க வேண்டியது பொடி எழுத்தை, ஏனென்றால் ஒவ்வொரு இலக்கமும் ஒவ்வொரு இடத்திலிருந்து வந்தது, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேலை.

பி.வி. என்று தொடங்கும் இலக்கம் கம்பனிப் பதிவு. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் யாரும் ஒரு கம்பனியைப் பதியலாம், தேங்காய் ஏற்றுமதிக்கும் அதே சட்டம்தான், தாதியர் பாடசாலைக்கும் அதே சட்டம்தான். அந்த இலக்கத்தைக் காட்டி "நாங்கள் அரசாங்கத்தில் பதிந்தவர்கள்" என்று சொல்வது, கரண்ட் பில்லைக் காட்டிக் காணிக்கு உறுதி இருக்கிறது என்று சொல்வதைப் போன்றது. ஐ.எஸ்.ஓ. 9001 என்று போட்டிருந்தால் அது நிர்வாக முறைக்கான தரச் சான்று, பாடத்திட்டத்தையோ வாட்டுப் பயிற்சியையோ அது பார்ப்பதில்லை.

அடுத்தது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு. இது உண்மையிலேயே பெறுமதியான பதிவு, 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது, தொழிற்பயிற்சி நிறுவனம் எதுவானாலும் இது இருக்கத்தான் வேண்டும். ஆனால் இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். நிறுவனம் பதிந்திருப்பது ஒன்று, அந்த நிறுவனம் நடத்தும் ஒரு குறிப்பிட்ட கற்கைநெறிக்கு என்.வி.கியூ. எனப்படும் தேசியத் தொழிற்தகைமைத் தரச்சான்று வழங்கும் அங்கீகாரம் கிடைத்திருப்பது இன்னொன்று. கணினிக் கற்கைநெறிக்கு அங்கீகாரம் வாங்கிய நிறுவனம் அதே கட்டடத்தில் தாதியர் வகுப்பும் வைத்துக்கொண்டு இரண்டுக்கும் ஒரே இலச்சினையைப் போட்டால், பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. பதிவுக்கும் அங்கீகாரத்துக்கும் காலாவதித் திகதியும் உண்டு, ஆகவே சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் பத்திரத்தின் திகதியைக் கட்டாயம் வாசியுங்கள். ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடலாம், பாடசாலைக் கணினி அறையில் இருந்தே ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை.

அப்புறம் எல்லாவற்றிலும் முக்கியமானது. 1988 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கைத் தாதியர் பேரவை, நாங்கள் வாய்ப்பேச்சில் நர்சிங் கவுன்சில் என்று சொல்வது. தாதியர் பதிவேடு அவர்களிடம்தான் இருக்கிறது. மேலே சொன்ன எல்லாப் பத்திரங்களும் ஒரு நிறுவனத்திடம் ஒழுங்காக இருந்தாலும், அங்கே படித்த பிள்ளையின் பெயர் இந்தப் பதிவேட்டில் ஏற முடியாதென்றால் அந்தப் பிள்ளை படித்தது தாதியாவதற்கான படிப்பு இல்லை. அது வேறு ஏதோ ஒன்றுக்கான படிப்பு, அதற்கும் பெறுமதி இருக்கலாம், ஆனால் தாதியர் படிப்பு என்று சொல்லி அதை விற்கக்கூடாது.

பட்டம் தருவதாகச் சொல்லும் தனியார் நிறுவனமென்றால் இன்னொரு கேள்வியும் சேர்கிறது. இலங்கையில் அரச பல்கலைக்கழகம் அல்லாத ஒரு நிறுவனம் தன் பெயரில் பட்டம் வழங்க வேண்டுமானால் 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அந்தப் பட்டத்துக்கு அனுமதி வந்திருக்க வேண்டும், அது வர்த்தமானியில் வந்த விடயம், கேட்டால் காட்டலாம். அப்படி அனுமதி இருந்தாலும் பேரவையில் பதியலாமா என்ற கேள்வியைத் தனியாகக் கேட்கத்தான் வேண்டும்.

போன வருடம் தோப்பூரிலிருந்து ஒரு உம்மா மகளோடு வந்தார். பிள்ளை வேறொரு ஊரில் இரண்டு வருடம் படித்து முடித்துச் சான்றிதழோடு வந்திருந்தது. தடித்த தாள், பொன் நிற முத்திரை, பணிப்பாளரின் கையெழுத்து, அடியில் மூன்று இலச்சினைகள். "டிப்ளோமா இன் நர்சிங்" என்று வளைந்த எழுத்தில் போட்டிருந்தது. நான் ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன், தாதியர் பேரவை என்ற பெயர் எந்த மூலையிலும் இல்லை. பெறுபேற்றுப் பத்திரத்தில் உடற்கூற்றியல், மருந்தியல், தாதியியல் என்று பாடங்களும் புள்ளிகளும் ஒழுங்காக இருந்தன, வாட்டுப் பயிற்சி என்று வரவேண்டிய இடத்தில் "செயன்முறை: சித்தி" என்ற ஒரே ஒரு வரி, எந்த வைத்தியசாலை, எத்தனை மணித்தியாலம், யார் மேற்பார்வை, ஒன்றும் இல்லை.

"கதீட்டர் போட்டிருக்கிறியா மகள்?" என்று, சிறுநீர் எடுக்கப் போடும் குழாயைப் பற்றிக் கேட்டேன்.

"பொம்மையில போட்டிருக்கிறன் மிஸ்ஸி."

"கனியூலா?" நரம்பில் மருந்து ஏற்றப் போடும் சின்னக் குழாயைத்தான் கேட்டேன்.

"அதுவும் பொம்மையிலதான். ஒரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனவங்க, அங்க பிரஷர் பார்த்தம்."

கெட்டிக்காரப் பிள்ளை, கேட்டதற்கெல்லாம் பட்பட்டென்று பதில் சொன்னது, மருந்தின் அளவைக் கணக்குப் போடச் சொன்னேன், பிழையில்லாமல் போட்டது. சரியான இடத்தில் விட்டிருந்தால் மிகவும் நல்ல தாதியாக வந்திருக்கும். வளைகுடா நாட்டுக்கு அனுப்புவதாகச் சொன்ன முகவர் பேரவைப் பதிவு இலக்கத்தைக் கேட்டபோதுதான் அந்த வீட்டில் எல்லோருக்கும் விஷயம் விளங்கியிருக்கிறது. உம்மாவின் தாலிக்கொடி அதற்குள் அடகுக்குப் போய்விட்டது. படித்த இடத்துக்குப் போன் எடுத்தால், "பதிவு எடுத்துத் தருவோம் என்று நாங்கள் எப்போதாவது சொன்னோமா" என்று கேட்டார்களாம். உண்மைதான், துண்டுப்பிரசுரத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை. வெள்ளைச் சீருடைப் படத்தைப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

வாட்டுப் பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பெற்றோர் கேட்பதே இல்லை. மருத்துவ வாட்டு, சத்திரசிகிச்சை வாட்டு, பிள்ளைகள் வாட்டு, மகப்பேறு, மனநலம், தீவிர சிகிச்சை, சத்திரசிகிச்சைக் கூடம், பிறகு வெளியே சமூக சுகாதாரம், இந்த இடங்கள் எல்லாவற்றிலும் நின்று நின்றுதான் ஒரு தாதி உருவாகிறாள். இரவு இரண்டு மணிக்கு ஒரு நோயாளியின் மூச்சு மாறுவதைக் கட்டிலின் கால்மாட்டில் நிற்கும்போதே கண்டுபிடிக்கிற கண், பெட் ஹெட் டிக்கட் என்ற நோயாளியின் சிகிச்சைக் குறிப்பில் எழுதியிருக்கும் மருந்தை வாசித்துவிட்டு இந்த ஆளுக்கு இந்த அளவு சரியில்லையே என்று டொக்டரைக் கூப்பிடுகிற துணிவு, இவையெல்லாம் வகுப்பறையில் வராது. ஆகவே மேடையில் பேச வருபவரிடம் கேளுங்கள்: உங்கள் மாணவர்கள் எந்த வைத்தியசாலையில் பயிற்சி எடுக்கிறார்கள்? அந்த வைத்தியசாலையோடு எழுத்து ஒப்பந்தம் இருக்கிறதா? அங்கே எத்தனை கட்டில்? மாணவர்களோடு வாட்டில் நிற்கும் போதனாசிரியர் தாமே பேரவையில் பதிந்த தாதியா? பயிற்சிப் புத்தகத்தில் யார் கையெழுத்து வைக்கிறார்? தனியார் வைத்தியசாலை என்றால் அது 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனியார் மருத்துவ நிறுவனமாகப் பதிந்திருக்கிறதா? "பெரிய வைத்தியசாலைகளோடு எங்களுக்குத் தொடர்பு இருக்கிறது" என்ற பதில் வந்தால், எந்த வைத்தியசாலை என்று பெயரைக் கேட்டு, அந்த வைத்தியசாலைக்கே ஒரு போன் எடுங்கள்.

வெளிநாடு என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் பிள்ளைகளின் முகம் மலர்வது எனக்கு விளங்குகிறது, இந்த மாவட்டத்தில் வேலை எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் வெளிநாடுதான் பத்திரங்களைக் கூடுதலாகத் துருவுகிற இடம். வளைகுடா நாடுகள் பலவற்றில் தாதியாக அனுமதி எடுக்க டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு இருக்கிறது, அவர்கள் பிள்ளை கொடுத்த பிரதியை நம்புவதில்லை, சான்றிதழ் கொடுத்த நிறுவனத்தையும் பதிவு கொடுத்த பேரவையையும் நேரடியாகத் தொடர்புகொண்டு கேட்கிறார்கள். நிறுவனம் இழுத்து மூடப்பட்டிருந்தாலோ பதில் போடாமல் விட்டாலோ அறிக்கை "சரிபார்க்க முடியவில்லை" என்று வரும், அது படித்த பிள்ளையின் தலையில்தான் விடியும். அதற்கு மேல் புரோமெட்ரிக் என்று சொல்லும் கணினி வழி அனுமதிப் பரீட்சை, அனுபவக் கடிதம். பிரித்தானியாவென்றால் அங்குள்ள தாதியர், மருத்துவிச்சியர் பேரவை தகைமையைச் சரிபார்த்து, ஆங்கில அறிவைப் பார்த்து, ஒரு கணினிப் பரீட்சையும் ஒரு செயன்முறைப் பரீட்சையும் வைத்துத்தான் பதிவு கொடுக்கிறது. "லண்டன் டிப்ளோமா" என்று இங்கே விற்கப்படும் சுகாதார, சமூகப் பராமரிப்புச் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு அந்தப் பதிவேட்டில் ஏற முடியாது. வேலையே வாங்கித் தருவோம் என்று யாராவது சொன்னால், அவர்களிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் முகவர் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். படிப்பிக்கிற நிறுவனம் என்பதாலேயே ஆள் அனுப்பும் அனுமதி வந்துவிடாது.

இதையெல்லாம் சொல்வதால் உதவித் தாதி, பராமரிப்பாளர் படிப்புகளை நான் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். படுக்கையில் கிடக்கும் ஒரு முதியவரைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கத் தெரிந்தவர் பெரிய வேலைக்காரர், அவருக்கு இங்கேயும் வேலை உண்டு, வெளியிலும் உண்டு. சாதாரண தரத்தோடு நின்ற பிள்ளைக்கு, ஆணைக்குழு அங்கீகரித்த ஒரு என்.வி.கியூ. பராமரிப்பாளர் கற்கைநெறி மிக நல்ல வழி. எங்கள் பிள்ளைகளுக்கு அதை அதன் பெயரிலேயே சொல்லிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். "ஓ.எல். போதும், ஆறு மாதத்தில் நர்ஸ்" என்று எங்காவது கண்டால் அது தாதியர் கற்கைநெறி இல்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிடலாம். ஏற்கெனவே இப்படி மாட்டிக்கொண்டு, தனியார் கிளினிக்குகளில் வேலை செய்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வழி இருக்கிறது, வேலையில் பெற்ற அறிவை மதிப்பிட்டு என்.வி.கியூ. சான்றிதழ் தரும் முறை அந்த அமைப்பிலேயே உண்டு. தோப்பூர்ப் பிள்ளைக்கு நான் அதைத்தான் சொல்லி அனுப்பினேன்.

இன்னொரு விஷயம், இது உங்கள் கையில் முழுதாக இருப்பது. சுகாதார அமைச்சின் தாதியர் கல்லூரிகளுக்கு வர்த்தமானியில் விண்ணப்பம் கோருகிறார்கள். மட்டக்களப்பு, வவுனியா, யாழ்ப்பாணம், அனுராதபுரம், அம்பாறை என்று எங்களுக்குக் கிட்டவே கல்லூரிகள் இருக்கின்றன. மூன்று வருடப் பயிற்சி, கட்டணம் இல்லை, பயிற்சிக் காலத்திலேயே கொடுப்பனவும் உண்டு. உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களில் சித்தியடைந்த பிள்ளைகள் எத்தனை பேர் இந்த வர்த்தமானியைக் காணாமல், முடிவுத் திகதி போன பிறகு கேள்விப்பட்டு, தனியார் நிறுவனத்துக்குக் காசு கட்டப் போகிறார்கள் தெரியுமா? மூதூரின் உள் கிராமங்களுக்கு வர்த்தமானி யார் கையிலும் போவதில்லை. இசட் புள்ளி போதுமான பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத் தாதியர் பட்டப்படிப்பு இருக்கிறது, மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்திலேயே இருக்கிறது, பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எந்த வரிசையில் எதைப் போடுவது என்று ஒரு ஆசிரியர் பக்கத்தில் இருந்து சொன்னால் போதும். மண்டபத்தை ஒரு தனியாருக்குக் கொடுக்கிற அதே அக்கறையோடு, வர்த்தமானி வந்த அன்று அதைப் பிரதி எடுத்து அறிவித்தல் பலகையில் ஒட்டி, பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். காசு செலவில்லாத வேலை.

பேரவையின் பதிலை எப்படி எடுப்பது என்று கேட்பீர்கள். கொழும்புக்கு இரவு பஸ் ஏறிப் போகத் தேவையில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இலங்கைப் பிரஜை யாரும், தமிழிலேயே, தபாலில் ஒரு கோரிக்கை அனுப்பலாம். நிறுவனத்தின் முழுப்பெயர், கற்கைநெறியின் பெயர், நடக்கும் கிளையின் விலாசம் மூன்றையும் எழுதி, "இந்தக் கற்கைநெறியை முடித்தவர் பேரவையில் தாதியாகப் பதிவு செய்ய முடியுமா, ஆமெனில் எந்தத் திகதியிலிருந்து, எந்தத் திகதி வரை" என்று கேளுங்கள். கிளையின் விலாசத்தை மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் கொழும்பில் நடக்கும் வகுப்பைப் பற்றிய பதிலையே திருகோணமலைக் கிளைக்கும் சேர்த்துக் காட்டி ஏமாற்றிவிடக்கூடும். தகவலைத் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தைப் பொதுவாக 14 வேலைநாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். பாடசாலையின் கடிதத்தலைப்பில் அதிபரே அனுப்பினால் இன்னும் நல்லது. ஒரு பாடசாலை எடுத்த பதிலை வலயத்திலுள்ள மற்றப் பாடசாலைகளோடு பகிர்ந்துகொண்டால் எல்லோரும் தனித்தனியாக எழுதத் தேவையும் இல்லை. வலயக் கல்விப் பணிப்பாளர்கள் இந்தப் பதில்களை ஒரு கோப்பில் சேர்த்து வைத்தால், அடுத்தடுத்த வருடங்களில் வரும் அதிபர்களுக்கும் அது உதவும்.

காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கட்டக்கூடாது, இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். பெறுபேற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் மூலப்பிரதிகளை "கோப்பில் வைக்க" என்று கேட்டால் கொடுக்கக்கூடாது, உறுதிப்படுத்திய பிரதி போதும். மூலப்பிரதியை நிறுவனத்திடம் விட்டுவிட்டு, விலக நினைத்தபோது அதை வாங்க மாதக்கணக்கில் அலைந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

நேர்மையாக நடத்துகிற தனியார் நிறுவனங்களும் இருக்கின்றன, அவர்களுக்கு இந்தக் கேள்விகள் எதுவும் கோபத்தைத் தராது. பேரவையின் கடிதம் கையில் உள்ளவர் அதைத் தன் துண்டுப்பிரசுரத்தின் முன்பக்கத்திலேயே போடுவார். உங்கள் முன்னால் இருப்பவர் "அது வந்துகொண்டிருக்கிறது சேர், அடுத்த மாதம் கிடைத்துவிடும்" என்று சொன்னால், "நல்லது, கிடைத்ததும் வாருங்கள், அன்றைக்கு மண்டபம் தருகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிடுங்கள். அவசரம் அவருக்குத்தான், உங்கள் பிள்ளைகளுக்கு இல்லை.

அடுத்த உயர்தரப் பெறுபேறு வெளிவருமுன் இந்தக் கேள்விகளை ஒரு தாளில் அச்சிட்டு, மண்டபம் கேட்டு வரும் விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுக்கும்படி உங்கள் அலுவலக எழுதுவினைஞருக்குச் சொல்லி வையுங்கள். யாராவது ஒரு பத்திரத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டால், இந்த மாவட்டத்தில் ஓய்வு பெற்ற தாதியர் நாங்கள் கணிசமாக இருக்கிறோம், கூப்பிட்டால் எந்தப் பாடசாலைக்கும் வந்து பார்த்துச் சொல்வோம், போக்குவரத்துச் செலவு கூட வேண்டாம்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.